உள்ளங்காலுக்குப் புள்ளி விழவில்லை

பள்ளிக்கூடத்தை நான் ஒன்பதாம் வகுப்போடு விட்டேன். இடம்பெயர்ந்து போய்த் தென்மராட்சியில் ஒரு வகுப்பறைக்குள் நாலு குடும்பங்களாகப் படுத்திருந்த காலம் அது. திரும்பிக் கொக்குவிலுக்கு வந்தபிறகு என்னைப் படிக்கப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தையல் பழகினேன். ஆகவே நான் படித்துப் பாடமாக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தைக்வொண்டோப் போட்டியின் விதிகள்.

மகள் பதினொரு வயதில் அதைப் பழகத் தொடங்கினாள். ரெயில் பாதையோரத்துச் சனசமூக நிலையத்தில், பத்திரிகை மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, மாலையில் வகுப்பு நடக்கும். முதல் நாள் நான் போய்ப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள் ஆளை ஆள் நெஞ்சில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளே பழக்குகிற மாஸ்ரரிடம் விதிகளைக் கேட்டேன். எங்கே உதைக்கலாம் என்று தெரிந்தால் எங்கே உதைக்கக் கூடாது என்றும் தெரிந்துவிடும் அல்லவா? அதுதான் என் நோக்கம். இடுப்புக்குக் கீழே உதைத்தால் தண்டம். விழுந்தவரை உதைத்தால் தண்டம். முகத்தில் கையால் குத்தினால் தண்டம். இவற்றைச் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு போட்டியிலும் என் நெஞ்சைப் பிடித்து வைத்திருந்தேன்.

"நீர் பேசாமல் நடுவர் வேலைக்குப் போம். தையலிலும் பார்க்க நல்லாய்ச் செய்வீர்," என்பார் என் கணவர். அவர் இணுவிலில் குத்தகைக் காணியில் வெங்காயம் வைக்கிறவர். மழை வருமோ வராதோ என்று அவர் கவலைப்படவே மாட்டார். அதையும் சேர்த்து நான்தான் கவலைப்படுவேன்.

அந்தக் காலத்தில் புள்ளி போடுவது மனிதர்தான். மூலைக்கு ஒருவராய்க் கதிரையில் இருந்து, கையில் ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு, உதை விழுந்ததைக் கண்டால் அழுத்துவார்கள். காணாவிட்டால் இல்லை. யாருடைய பிள்ளை, எந்தக் கழகம் என்று பார்த்துத்தான் அழுத்துகிறார்கள் என்று பார்வையாளர் படியில் இருந்து சனம் கத்தும். என் மகளும் இரண்டு தடவை அப்படித் தோற்றாள். பிறகு இலத்திரனியல் கவசம் வந்தது. மார்புக் கவசத்துக்குள்ளும் தலைக்கவசத்துக்குள்ளும் அடியை அளக்கும் கருவி இருக்கும். காலுறையின் மேற்பாதத்திலும் உள்ளங்காலிலும் குதியிலும் சின்னச் சின்னக் காந்தத் துண்டுகள் இருக்கும். காந்தம் கவசத்தில் பட வேண்டும், அடியும் அந்த எடைப் பிரிவுக்கு வைத்த அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டுப் பலகையில் புள்ளி ஏறும்.

அந்தச் செய்தியை மாஸ்ரர் சொன்ன அன்று நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். மெஷினுக்கு ஊரும் தெரியாது, சொந்தமும் தெரியாது என்று நினைத்து.

அதற்குப் பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. முன்பு மூன்று சுற்றுப் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. என் மகள் மெதுவாகத்தான் சூடேறுவாள். முதல் சுற்றில் வாங்கிக்கொண்டு, மூன்றாவது சுற்றில் திருப்பிக் கொடுப்பாள். புதிய விதிப்படி ஒவ்வொரு சுற்றும் தனித்தனி. இரண்டு சுற்றை வென்றவர் வென்றார், முதல் இரண்டையும் விட்டவர் வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது சுற்று என்ற ஒன்று அவளுக்கு இல்லாமல் போய்விடும் என்று நான் பயந்தேன். மாஸ்ரர் பயப்படவில்லை. ஒரு பயிற்சி முகாமில் அவளுக்கு அந்தக் கவசத்தைப் போட்டுப் பார்த்தபோது ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். முன்னால் நிற்கும் வலது காலை மடித்துத் தூக்கி, உள்ளங்காலால் நேரே எதிராளியின் வயிற்றில் தள்ளி உதைப்பாள். ஒவ்வொரு உதைக்கும் சத்தம் வந்தது.

"அக்கா, உந்தக் கால் இவளுக்கு ஒரு வரம்," என்று மாஸ்ரர் என்னிடம் சொன்னார். "தொடக்கத்திலையே ரெண்டு உதை விட்டாளெண்டால் மற்றவள் கிட்ட வர யோசிப்பாள். முதல் றவுண்ட் எங்கடை."

அந்த வருடம் முழுவதும் அந்த ஒரு உதையைத்தான் பழகினாள்.

மாகாணப் போட்டி வந்தது. அவளுடைய வயதுப் பிரிவில் அதுதான் அவளுக்குக் கடைசி. வென்றவர் கொழும்புக்குத் தேசியப் போட்டிக்குப் போகலாம். தேசிய மட்டத்தில் ஓர் இடம் கிடைத்தால், உயர்தரப் பரீட்சையில் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் விளையாட்டை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. மகள் படிப்பில் மோசமில்லை, ஆனால் பரீட்சையை மட்டும் நம்பிக் கம்பசுக்குப் போகிற அளவுக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் நாங்கள் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் தன் கொப்பி அட்டைக்குள் அந்த விண்ணப்ப அறிவித்தலை வெட்டி வைத்திருந்ததை நான் கண்டேன்.

கவசமும் கணினியும் போட்டி நடத்துகிறவர்கள் கொண்டுவருவார்கள். காலுறையை மட்டும் கழகம் கொடுக்க வேண்டும். எங்கள் கழகத்தில் இருந்தவை எல்லாம் பெரிய ஆண் பிள்ளைகளின் அளவு. போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு சோடியை மாஸ்ரர் மகளிடம் கொடுத்துவிட்டார். போட்டுப் பார்த்தாள். பெருவிரலுக்கு முன்னால் ஓர் அங்குலம் தொங்கியது. உதைத்தால் காலுறை காலைச் சுற்றித் திரும்பியது.

"மாஸ்ரர் ஒட்டுற ரேப் சுத்தலாமெண்டவர் அம்மா."

"வேர்த்தால் ரேப் கழண்டு போகாதே?"

"கழண்டால் திருப்பிச் சுத்துறது."

எனக்கு அது பிடிக்கவில்லை. முதலில் காலுறையைக் கழுவ நினைத்தேன், யார் யாருடைய வேர்வையோ. கழுவலாமா என்று கேட்க மாஸ்ரருக்குத் தொலைபேசி எடுத்தேன். சலவை மெஷினில் போட வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் காயவிடுங்கோ என்றார். சவர்க்காரம் போடலாமோ என்று கேட்க இரண்டாம் தடவை எடுத்தேன். கொடியில் மடித்துப் போடலாமோ, விரித்துத்தான் போட வேண்டுமோ என்று மூன்றாம் தடவை எடுத்தேன். மகள் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னைப் பெத்ததிலும் பார்க்க உந்தச் சொக்ஸைப் பெத்திருக்கலாம் நீங்கள். உதுக்குக் காய்ச்சலோ எண்டும் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்."

மூன்று தடவை கேட்ட நான் நாலாம் தடவை கேட்கவில்லை. காலுறையை ஒடுக்கித் தைக்கலாமா என்று மட்டும் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிந்த வேலை. தெரியாத எல்லாவற்றிலும் பயந்தவள், தெரிந்த ஒன்றில் பயப்பட மறந்துவிட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் காலுறையை உள்புறம் வெளியே வரத் திருப்பினேன். நுனியில் தொங்கிய அங்குலத்தை உள்ளே மடித்து, வெளிப்பக்கத்தில் சின்னவிரலில் இருந்து குதி வரைக்கும் ஒரு மடிப்புப் பிடித்தேன். இழுபடுகிற துணிக்கு நெளிதையல்தான் சரி, அப்படியே ஓட்டினேன். உள்ளங்கால் பக்கம் வரும்போது ஊசி எதிலோ டக்கென்று தட்டி முறிந்தது. துணியின் தடிப்பு என்று நினைத்து, வேறு ஊசி போட்டு, அந்த இடத்தை மடிப்புக்குள் ஒதுக்கிவிட்டுத் தைத்து முடித்தேன். மற்றக் காலுக்கும் அப்படியே. மகள் வந்து போட்டுப் பார்த்துத் துள்ளினாள்.

"அம்மா! தோல் மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். அந்தக் காலுறையோடு உதைத்துப் பார்க்க எங்களிடம் கவசம் இல்லை.

போட்டியன்று உள்ளரங்கில் பெற்றோர் நாங்கள் பார்வையாளர் படியில், மாஸ்ரர் எங்களுக்கு எதிர்ப் பக்கம், தரைவிரிப்பின் ஓரத்துக் கதிரையில். மகளுக்கு நீலம். எதிரே சிவப்பில் வேறு மாவட்டத்துப் பிள்ளை, இவளிலும் கொஞ்சம் உயரம். தொடங்குமுன் கருவியைச் சோதிப்பார்கள். ஒருவர் மற்றவரின் கவசத்தில் மேற்பாதத்தால் இலேசாகத் தட்ட வேண்டும். மகள் வலது காலால் தட்டினாள், சத்தம் வந்தது. இடது காலால் தட்டினாள், சத்தம் வந்தது. நான் மூச்சு விட்டேன்.

தொடங்கிப் பத்து வினாடிகூட இருக்காது. மகளின் வலது உள்ளங்கால் சிவப்பின் வயிற்றில் போய் நின்றது. அந்தப் பிள்ளை இரண்டடி பின்னால் போய்த் தடுமாறி நின்றாள். படியில் இருந்த சனம் கத்தியது. பலகையில் பூச்சியம். இன்னொரு உதை, அதே இடத்தில். பூச்சியம். சிவப்பு கிட்ட வந்து காலை வளைத்து ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் வந்தது, இரண்டு புள்ளி.

"இறுக்கி உதை! இன்னும் இறுக்கி!" மாஸ்ரர் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டார்.

இறுக்கி உதைத்தாள். ஒன்றும் ஏறவில்லை. மாஸ்ரர் கையைத் தூக்கிக் கருவியைப் பார்க்கச் சொன்னார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மகள் திரும்பவும் மேற்பாதத்தால் தட்டிக் காட்டினாள். வலது சத்தம், இடது சத்தம். சரி, தொடரட்டும். அந்தச் சுற்றில் காலை வளைத்து உதைத்து இரண்டு தடவை புள்ளி எடுத்தாள். போதவில்லை. முதல் சுற்று போயிற்று.

இடைவேளை ஒரு நிமிடம். மகள் மாஸ்ரருக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நான் அவளுடைய கால்களைப் பார்த்தேன். வளைத்து உதைப்பது மேற்பாதத்தால், அதற்குச் சத்தம் வருகிறது. நேரே தள்ளுவது உள்ளங்காலால், அதற்கு வரவில்லை. அப்போதுதான் முறிந்த ஊசி நினைவுக்கு வந்தது. மடிப்புக்குள் நான் ஒதுக்கித் தைத்தது துணியின் தடிப்பை அல்ல.

எழும்பிவிட்டேன். படியால் இறங்கி ஓடினால் மாஸ்ரரிடம் போய்விடலாம். கத்தினாலும் கேட்கும். ஆனால் என் தலைக்குள் விதிகள் இருந்தன. கவசத்தையோ காலுறையையோ மாற்றியமைத்தவர் போட்டியில் இருந்து நீக்கப்படுவார். அந்த வரி எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். நான் கத்தினால் அத்தனை பேருக்கும் முன்னால் மகளின் காலுறையைக் கழற்றிப் பார்ப்பார்கள். என் தையலைக் கண்டுபிடிப்பார்கள். கள்ளம் செய்தவள் என்று அவளை வெளியே போடுவார்கள், மாஸ்ரரையும் கழகத்தையும் சேர்த்து. இன்னும் இரண்டு சுற்று இருக்கிறதே, வளைத்து உதைத்தே வென்றுவிடமாட்டாளா?

"என்னக்கா, தலை சுத்துதோ?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இருத்தினாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தாள். நான் குடித்து முடிப்பதற்குள் நடுவர் இரண்டு பேரையும் நடுவுக்கு அழைத்துவிட்டார்.

இரண்டாவது சுற்றில் மகள் உள்ளங்காலால் ஏழு தடவை உதைத்தாள். நான் எண்ணினேன். ஏழும் விழுந்தன, ஒன்றும் ஏறவில்லை. கடைசி உதையில் முழு உடம்பையும் போட்டு உதைத்துத் தானே விழுந்தாள். விழுந்ததற்கும் தண்டம், அந்தப் புள்ளி சிவப்புக்கு. முடிந்தது.

அவள் குனிந்து வணங்கிவிட்டு வந்தாள். அழவில்லை. தலைக்கவசம் அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது. "மாஸ்ரர் சும்மா சொன்னவரம்மா," என்றாள். "என்ரை காலிலை பெலன் இல்லை. மெஷின் பொய் சொல்லாதுதானே."

முன்பு தோற்றபோது நடுவர்களைத் திட்டித் தீர்ப்பாள். கொக்குவில் வரும்வரைக்கும் ஓட்டோவுக்குள் அவர்களின் மூக்கையும் கண்ணாடியையும் நக்கலடிப்பாள். இந்த முறை திட்ட அவளுக்கு ஆள் இருக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த நாள் காலை, காலுறையைத் திருப்பிக் கொடுக்குமுன், தையலை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தேன். ஊசி போன துளைகளைத் தேய்த்து மறைத்தேன். மாஸ்ரர் பார்க்காமலே வாங்கிப் பைக்குள் போட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஒருபோதும் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மகள் ஒரு உரச்சாக்கில் மணல் நிரப்பிக் கிணற்றடித் தூணில் கட்டினாள். காலையிலும் பள்ளிக்கூடம் விட்டு வந்தும் உள்ளங்காலால் உதைத்தாள். எதற்கு என்று தகப்பன் கேட்டபோது "பெலன் எடுக்க" என்றாள். எந்தப் போட்டிக்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் தையல் மெஷினில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று கிழமை. ஒரு நாள் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்தாள். வைத்தியர் சவ்வில் கிழிவு என்றார். ஆறு மாதம் எதையும் உதைக்கக் கூடாது என்றார்.

அன்று பின்னேரம் அவளுடைய முழங்காலுக்குப் பண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"பிள்ளை, உன்ரை காலிலை ஒரு குறையும் இல்லை. சொக்ஸிலைதான் குறை. நான் ஒடுக்கித் தைக்கேக்கை உள்ளங்கால் காந்தத்தை மடிப்புக்குள்ளை விட்டிட்டன்."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு முகம் விரிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மெய்யே? அப்ப என்ரை உதை விழுந்ததோ?"

"ஓம். எல்லாம் விழுந்தது."

"ஏழும்?"

"ஏழும்."

"நானும் எண்ணினனான்!" என்று சிரித்தாள். "எடி விசரி எண்டு என்னை நானே பேசினனான் அம்மா. ஐயோ, அப்ப நான் வெண்டிருப்பன்." சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டாள்: "உங்களுக்கு எப்ப தெரியும்?"

வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தபோது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனியில் இருந்தது.

"முதல் றவுண்ட் முடிய."

"ரெண்டாவது தொடங்க முன்னமோ?"

"முன்னம்."

அவள் பண்டேஜின் நுனியை என் கையில் இருந்து எடுத்துத் தானே சுற்றினாள்.

"தைச்சதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்காகத்தானே தைச்சனீங்கள். ஆனால் ஒரு நிமிசம் இருந்தது. ஏனம்மா வாய் திறக்கேல்லை?"

"உன்னை வெளியிலை போட்டிடுவினம் எண்டு பயந்திட்டன். அப்பிடி விதி இருக்கு."

"இப்ப மட்டும் நான் உள்ளையோ நிக்கிறன்?"

இரண்டு நாள் கழித்து மாஸ்ரர் வந்தார். மகள்தான் சொல்லியிருந்தாள். கதிரை போட்டேன், இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் திறப்புக் கொத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"அந்த விதி ஏமாத்த வாறவைக்குப் போட்டதக்கா. சொக்ஸ் சரியில்லையெண்டால் றவுண்டுக்கு இடையிலை மாத்தலாம். என்ரை பைக்குள்ளை இன்னொரு சோடி கிடந்தது. நீங்கள் படியிலை நிண்டு ஒரு கை காட்டியிருந்தாலே காணும்."

திறப்புக் கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்னிலையும் பிழை," என்றார். "உள்ளங்காலாலை தட்டிப் பாக்கச் சொல்லி நானும் கேக்கேல்லை. மேற்கால் சத்தம் வந்தவுடனை மெஷின் சரியெண்டு நம்பிட்டன்."

"இனி ஒண்டும் செய்யேலாதோ தம்பி?"

"முடிவிலை கையெழுத்து வைச்சாச்சக்கா. மற்றப் பிள்ளை கொழும்புக்கும் போயிட்டு வந்திட்டுது."

எழுத்துப் பிசகாமல் எனக்குத் தெரிந்த வரி. அது யாருக்காக எழுதப்பட்டது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மாஸ்ரர் போனபிறகு கணவர், "விடும், நடந்தது நடந்திட்டுது," என்றார். மகளுக்குக் கேட்கும்படி அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மகள் இப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அந்த அறிவித்தல் கொப்பி அட்டைக்குள் இல்லை. என்னோடு கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், என் கண்ணுக்கு மருந்து விட்டு விடுவாள், வம்புக்கு இழுத்து நக்கலடிப்பதை மட்டும் விட்டுவிட்டாள். உடுப்பு எதையும் என்னிடம் தைக்கத் தருவதில்லை.

போன கிழமை பள்ளிக்கூடச் சட்டையின் கரை அவிழ்ந்துவிட்டது. ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வெளிப்படியில் போய் இருந்தாள். நான் உள்ளே மெஷினில் ஒரு பிளவுசுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். இருந்த இடத்தில் இருந்து தெரிந்தது: தையல் நீளமும் கட்டையுமாகப் போகிறது, நூலின் நுனியில் முடிச்சு இல்லை. ஒரு தடவை தோய்த்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். சொல்லலாமா, சொன்னால் என்ன நினைப்பாள், சொல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வைத்து அவிழ்ந்தால் என்ன செய்வாள் என்று பிளவுசின் கையைப் பிழையான பக்கம் வைத்துத் தைக்கும் வரைக்கும் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"பிள்ளை, நூலுக்கு முடிச்சுப் போடேல்லை."

அவள் நிமிரவில்லை.

"தெரியும்," என்றாள். முடிச்சுப் போடாமலே தைத்துக்கொண்டு போனாள்.